354 மணி நேர இரவு: நிலவில் மனிதர் தங்குவது எதற்காக?

நிலவில் நடந்த 12 பேரில் ஒருவர்கூட அங்கே இரவைப் பார்த்ததில்லை. கலத்துக்குள் படுத்துத் தூங்கினார்கள். வெளியே வெயில் அடித்துக்கொண்டேதான் இருந்தது. 1969 ஜூலையிலிருந்து 1972 டிசம்பர் வரை ஆறு அப்போலோ கலங்கள் தரையிறங்கின. ஆறும் நிலவின் காலைப்பொழுதில் இறங்கின. சூரியன் தாழ்ந்திருக்கும்போது பாறையும் பள்ளமும் நிழல் விழுத்தும், இறக்குகிறவர் கண்ணுக்கு மேடுபள்ளம் பிரிந்து தெரியும், சூடும் தாங்கும் அளவில் இருக்கும். வெயில் உச்சிக்கு ஏறுமுன் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். அதிக நேரம் தங்கியது அப்போலோ 17, ஏறக்குறைய 75 மணி நேரம். ஆறு பயணங்களையும் கூட்டினால் 300 மணி நேரம் வரும். நிலவின் ஓர் இரவு 354 மணி நேரம். மனிதர் இதுவரை அங்கே இருந்த நேரம் முழுவதையும் சேர்த்தாலும் ஓர் இரவுக்குக் காணாது.

நிலவில் மனிதர் நிலையாகத் தங்குவதால் என்ன பயன் என்று கேட்கும்போது இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொடி நடுவதும் கல் பொறுக்குவதும் ஒரே பகலில் முடிகிற வேலை. இரவைத் தாண்டுவதற்கு மின்சாரம் வேண்டும், மண்ணைப் போர்த்திய வீடு வேண்டும், தூசியை வெளியே நிறுத்தத் தெரிய வேண்டும், குடித்த நீரையே திரும்பக் குடிக்கத் தெரிய வேண்டும். இந்த நான்கையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பழுதானால் கடையில் உதிரிபாகம் வாங்க முடியாத நிலையில் ஓடவைப்பதுதான் இந்த முயற்சியின் உண்மையான மதிப்பு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைக் கவனிப்பவர்களுக்கு நான்கில் ஒன்று நன்றாகவே பழக்கமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இரவு.

நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் தரை 120 டிகிரி செல்சியஸைத் தொடும்; இரவு முதிரும்போது மைனஸ் 170க்கும் கீழே போகும். வெப்பத்தைப் பிடித்துவைக்கக் காற்று இல்லை, மண்ணும் வெப்பத்தைக் கடத்துவதில்லை. 2023 ஆகஸ்ட் 23இல் 69 டிகிரி தெற்கில் இறங்கிய, இந்தியாவின் சந்திரயான் 3 திட்டத்து விக்ரம் கலம் மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைச் செலுத்தியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையிலான குழு கேட்ட அளவீடுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் அது உறக்கத்துக்குப் போனது. மறுபடி எழவில்லை. ஒரு நிலவுப் பகலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கலம் என்பதால் இதில் தோல்வி எதுவும் இல்லை.

ஆனால் இரவு ஒரு கருவியை எப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சுற்றுப் பலகையும் அதன்மேல் பற்றவைத்த உறுப்புகளும் குளிரில் வெவ்வேறு அளவில் சுருங்கும். பற்றவைப்பில் விரிசல் விழும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் உறையும். ரப்பர் வளையங்கள் கண்ணாடிபோல் விறைத்துக் கசியும். மோட்டார்களில் இட்ட மசகு இறுகிப் பல்சக்கரம் அசையாது. இவற்றில் எது முதலில் போகும் என்பது கலத்துக்குக் கலம் மாறும். ஜப்பானின் ஸ்லிம் கலம் 2024இல் தலைகுப்புற இறங்கியும், இரவுக்கென்று எந்த ஏற்பாடும் இல்லாமலேயே மூன்று இரவுகளைத் தாண்டி விழித்தது. ஆள் இல்லாத கருவிக்கு அப்படி ஒரு நல்வாய்ப்பு அமையலாம். ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டு நல்வாய்ப்பை நம்ப முடியாது.

மின்சாரக் கணக்கு இதைவிடக் கடினம். நான்கு பேர் இருக்கும் ஒரு சிறு குடியிருப்புக்கு, சிக்கனமாகப் பார்த்தாலும், 10 கிலோவாட் தொடர்ந்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 354 மணி நேரத்துக்கு 3,540 கிலோவாட் மணி. நல்ல லித்தியம் பேட்டரித் தொகுதி கிலோவுக்கு 200 வாட் மணி தரும்; அப்படியானால் ஏறக்குறைய 18 டன். பேட்டரியை முழுக்க வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும், எனவே ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தால் 22 டன். அப்போலோவின் இறங்குகலம் எரிபொருளோடு சேர்த்தே 15, 16 டன்தான் இருந்தது. பேட்டரி மட்டும் அதைவிடக் கனம்.

எல்லா நாடுகளும் தென்துருவத்தைப் பார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான். பனிக்கட்டி இரண்டாவது காரணம். நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் துருவத்தில் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை, அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஷாக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பிலும் அதை ஒட்டிய மேடுகளிலும் சில இடங்களுக்கு ஆண்டில் 80 விழுக்காட்டுக்கும் மேலான நேரம் வெயில் கிடைக்கும். இருட்டு ஒரே மூச்சில் சில நாள்தான் நீடிக்கும். 100 மணி நேரம் என்று கொண்டால் 5, 6 டன் பேட்டரி போதும். அங்கே சூரியத் தகடுகளைக் கூரைபோல் படுக்கவைத்துப் பயனில்லை. கதவுபோல் செங்குத்தாக, உயரமான கம்பத்தில் நிறுத்தி, சூரியனோடு சேர்ந்து மெல்லத் திரும்பவிட வேண்டும். சூரியன் ஒன்றரை டிகிரி உயரத்தில் நிற்கும்போது 10 மீட்டர் கம்பத்தின் நிழல் ஏறக்குறைய 380 மீட்டர் விழும். ஒருவர் கம்பம் நட்டால் பக்கத்துக்காரரின் தகட்டில் இருட்டு. இந்த 380 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

இறங்குவதற்கும் அந்தத் தாழ்ந்த வெயில் தொல்லைதான். 2024 பிப்ரவரியில் ஒடிசியஸ், 2025 மார்ச்சில் அதீனா என்ற ஆளில்லா அமெரிக்கக் கலங்கள் தென்துருவப் பக்கம் இறங்கிச் சாய்ந்தன. முதலாவதில் உயரம் அளக்கும் லேசர் கருவி வேலை செய்யவில்லை. இரண்டாவதில் லேசர் அளவீட்டில் குழப்பம் இருந்தது. நீண்ட நிழல்களும் மங்கிய ஒளியும் சேர்ந்து, பள்ளங்களைப் படம் பார்த்து அடையாளம் காணும் முறையையும் தடுமாற வைத்தன. காற்று இல்லாததால் வான்குடை விரிக்க வழியில்லை. கடைசி மீட்டர் வரை எஞ்சின்தான் தாங்க வேண்டும். உயரமும் பக்கவாட்டு வேகமும் கொஞ்சம் தவறினாலும் கால் இடறும்.

அணு உலையும் ஒரு வழி. 2018இல் நெவாடாவில் கிரஸ்டி என்ற சிறிய உலையை 28 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக நாசா கேட்ட வடிவம் 40 கிலோவாட், எடை 6 டன்னுக்குள், பத்தாண்டு ஓட வேண்டும். மேலே போட்ட பேட்டரிக் கணக்கோடு ஒப்பிட்டால் 6 டன்னில் நான்கு மடங்கு மின்சாரம், இரவென்றும் பகலென்றும் பாராமல். இதற்கு எதிர்ப்பு எழுவது இயல்பு. ஏவும்போது விபத்து நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. உலையை நிலவில் இறக்கிய பிறகே முதன்முறை இயக்குவது என்பது அதற்கான ஏற்பாடு. இயக்காத யுரேனிய எரிபொருளின் கதிர்வீச்சு மிகக் குறைவு. என் கணிப்பில், துருவத்தை விட்டு வேறெங்கும் குடியேற நினைத்தால் உலை இல்லாமல் நடக்காது.

அடுத்து வீடு. சீனாவின் சாங்'இ 4 கலம் நிலவின் மறுபக்கத்தில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,370 மைக்ரோசீவர்ட். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர் வாங்குவதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அது அமைதியான நாளின் கணக்கு. 1972 ஆகஸ்டில், அப்போலோ 16 திரும்பி 17 கிளம்பாத இடைவெளியில், சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு எழுந்தது. அந்த நாளில் யாராவது வெறும் விண்ணுடையோடு நிலவில் நின்றிருந்தால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கலாம்.

பாதுகாப்பு மண்தான். இரண்டு, மூன்று மீட்டர் மண் போர்த்தினால் கதிர்வீச்சும் குறையும், வெப்பமும் நிலைக்கும். அப்போலோ 15, 17 அளவீடுகளில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகலிரவு வித்தியாசமே இல்லாமல் மைனஸ் 20 டிகிரியை ஒட்டி இருந்தது. சொல்வது எளிது, அள்ளுவதுதான் பாடு. 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளமுள்ள அரைவட்டக் கூடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன்மேலும் இரு முனைகளிலும் இரண்டரை மீட்டர் மண் போட்டால் ஏறக்குறைய 430 கன மீட்டர் வரும். எடை 700 டன்னை ஒட்டும். நாசா உருவாக்கிவரும் ஐபெக்ஸ் என்ற அகழ்பொறியின் இலக்கு ஒரு நிலவுப் பகலில் 10 டன். ஒரே பொறியை வைத்துக்கொண்டால் 70 நிலவுப் பகல், ஐந்தரை ஆண்டுக்கும் மேல். ஆறேழு பொறிகள் இருந்தால் ஓராண்டுக்குள் முடிக்கலாம், ஒன்றும் பழுதாகாவிட்டால்.

பெரிய பொறியை அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். பூமியில் மண்வாரி இயந்திரம் தோண்டுவது அதன் சொந்தக் கனத்தால்தான். நிலவில் அந்தக் கனம் ஆறில் ஒன்று. வாளியை மண்ணில் அழுத்தினால் மண் கொடுக்காது, வண்டிதான் மேலே எழும்பும். அதனால் ஐபெக்ஸில் முன்னும் பின்னும் இரண்டு பல் வைத்த உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒன்று தள்ளும் விசையை மற்றது ஈடுகட்டும். இத்தகைய சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். இஸ்ரோ தன் சந்திரயான் சோதனைகளுக்கு அதை எடுத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில். நிலவின் வெண்ணிற மேட்டுநிலங்களில் இருக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை அங்கே தரையிலேயே கிடைக்கிறது.

எரிமலைக் குகைகளில் குடியேறலாம் என்பதும் நல்ல யோசனை. அமைதிக் கடல் என்ற நிலவுச் சமவெளியில் 100 மீட்டர் அகலமுள்ள ஒரு குழியின் நிழற்பகுதி 17 டிகிரியை ஒட்டியே நிற்கிறது என்று 2022இல் கணக்கிட்டார்கள். ஆனால் செங்குத்தான குழிக்குள் ஆளையும் சரக்கையும் இறக்கி ஏற்றுவது முதல் தலைமுறைக் குடியிருப்புக்கான வேலை அல்ல.

தூசியைச் சிறு தொல்லை என்று நினைப்பவர்கள் அப்போலோ 17 வீரர்களின் கையுறையையும் தோள் மூட்டையும் பார்க்க வேண்டும். மூன்றே முறை வெளியே போய்வந்ததில் மூட்டு வளையங்கள் இறுகின, மேலுறை தேய்ந்தது. ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைத்தது. காற்றும் நீரும் புரட்டி மழுக்காத மண் அது. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிச் சில்லு. அதோடு மின்னூட்டம் வேறு ஏறியிருப்பதால் ஒட்டினால் உதறி விழாது. 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் கலம், மின்புலத்தால் தூசியைத் தள்ளும் ஒரு பரப்பை நிலவிலேயே சோதித்து வெற்றி கண்டது. கண்ணாடிக்கும் சூரியத் தகட்டுக்கும் அது பயன்படும். துணிக்கும் மூட்டுக்கும் வேறு வழி தேவை. உடையை வெளியிலேயே மாட்டிவிட்டு, அதன் முதுகுப்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் நுழையும் ஏற்பாடு எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

இறங்கும் கலம் கிளப்பும் தூசி இன்னும் மோசம். 1969 நவம்பரில் அப்போலோ 12 இறங்கியது, பழைய சர்வேயர் 3 கலத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி. சர்வேயரிலிருந்து கழற்றிவந்த பாகங்களில் மணல் வீசித் தேய்த்த தடம் இருந்தது. காற்று இல்லாத இடத்தில் பறக்கும் மணல் வேகம் குறையாமல் போகும். குடியிருப்புக்கு அருகே அடிக்கடி கலம் இறங்க வேண்டுமானால் இறங்குதளத்தைக் கெட்டிப்படுத்தி, சுற்றிலும் மண்கரை எழுப்பியாக வேண்டும். அந்த வேலையும் மேலே சொன்ன 700 டன் போகக் கூடுதல்தான்.

இனி தண்ணீர். விண்வெளி நிலையத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 3.8 லிட்டர் என்று கணக்கு. குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள எல்லாம் அதற்குள். நான்கு பேருக்கு ஆண்டுக்கு ஐந்தரை டன். அதில் 93 விழுக்காட்டை மீட்டால் ஆண்டுக்கு 390 கிலோ மேலேயிருந்து கொண்டுவர வேண்டும். 98 விழுக்காட்டை மீட்டால் 110 கிலோ போதும். அந்தக் கடைசி ஐந்து விழுக்காட்டுக்காகவே பல ஆண்டுகள் உழைத்து, 2023இல்தான் 98ஐ எட்டினார்கள். சிறுநீரை வடித்த பின் மிஞ்சும் அடர்ந்த கழிவுநீரையும் ஒரு சவ்வுப்பையில் விட்டு, சூடான காற்றை ஊதி ஆவியாக்கிப் பிடிப்பதுதான் அந்தக் கடைசிப் படி.

வழியில் நேர்ந்த பழுதுகள்தான் கவனிக்க வேண்டியவை. சிறுநீர் வடிகலன் 85 விழுக்காட்டு மீட்புக்கு வடிவமைக்கப்பட்டிருந்தது. பூமியில் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. மேலே போனபின் 2009இல் அடைத்துக்கொண்டு நின்றது. எடையின்மையில் எலும்பு கரைவதால் வீரர்களின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து கூடியிருந்தது; நீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்ஃபேட்டாக, அதாவது ஜிப்சமாகப் படிந்துவிட்டது. மீட்பு அளவைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்; பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிப் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். இன்னொரு முறை சுத்தமான நீரில் கரிமப்பொருள் அளவு ஏறிக்கொண்டே போனது. அழகுசாதனப் பொருள்களிலும் ஈரத்துணிகளிலும் இருந்த சிலிக்கான் சேர்மங்கள் காற்றில் கலந்து, ஈரத்தோடு நீருக்குள் வந்து, வடிகட்டிகளைத் தாண்டிவிட்டன என்று தெரிந்தது. மனிதரின் எலும்பும் அவர் பூசும் கிரீமும் குழாயில் போய் நிற்கும் என்பதை ஆள் இல்லாத எந்தச் சோதனையும் காட்டியிருக்காது. மனிதர் அங்கேயே இருந்து நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் தண்ணீர் வரலாறும் இதே பாதையில்தான் வந்தது. 1963இல் வறட்சி, பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு. மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் நீருக்கான 1962 உடன்பாட்டின் காலம் 2061இல் முடிகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் சோதனை ஆலை 1974இலேயே கட்டப்பட்டது. ஓராண்டு சொச்சத்தில் மூடினார்கள். செலவு மிக அதிகம், கருவிகள் நம்பகமாக ஓடவில்லை. கைவிட்ட யோசனையைச் சவ்வுகள் மலிவாகி வலுப்பெற்றபின் 1998இல் மறுபடி எடுத்து, 2000இல் பிடோக்கில் சோதனை ஆலையை ஓட்டி, 2003இல் பிடோக், கிராஞ்சி நியூவாட்டர் ஆலைகளைத் திறந்தார்கள். நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி என்ற மூன்று படிகள் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆலையை நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது வேறொன்று: சவ்வில் படியும் சுண்ணாம்பும் சிலிக்காவும் உயிர்ப்படலமும்தான் அன்றாடப் போராட்டம். எந்த அழுத்தத்தில் கழுவுவது, எந்த அளவுக்குப் படிவுத்தடுப்பு மருந்து சேர்ப்பது, எந்த எண் ஏறினால் சவ்வு கிழிந்திருக்கும் என்பதெல்லாம் ஓட்டி ஓட்டிப் பெற்ற அறிவு. நிலவுக் குடியிருப்பின் நீர்ச்சுழற்சி நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர்தான். அளவு சிறிது, பிரச்சினை அதே குடும்பம்.

நிலவுப் பனிக்கட்டி இந்தச் சுழற்சியின் இழப்பை ஈடுகட்டலாம். 2008இல் கிளம்பிய சந்திரயான் 1இல் இருந்த கருவி நிலவில் நீரின் அடையாளத்தைக் கண்டது. அத்திட்டத்தின் இயக்குநர் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. 2009 அக்டோபர் 9இல் நாசா ஒரு ராக்கெட் பகுதியைக் கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு, கிளம்பிய புழுதியை அளந்தபோது எடையில் ஐந்தரை விழுக்காட்டை ஒட்டி நீர் இருந்தது. அப்படியானால் ஒரு கிலோ நீருக்கு இருபது கிலோ மண். இருக்கும் இடம் சூரியன் எட்டிப்பார்க்காத பள்ளம், சில இடங்களில் மைனஸ் 240 டிகிரி. அந்தக் குளிரில் பனிகலந்த மண் கான்கிரீட்டுக்கு நிகரான கடினம். சூடாக்கினால் நேரே ஆவியாகி வெற்றிடத்தில் கலைந்துவிடும். மேலே மூடி போட்டு, குளிர்ந்த தகட்டில் பிடித்து, சுரண்டி எடுக்க வேண்டும். அதே மோதலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, பாதரசம் எல்லாம் கிளம்பின. பாதரசம் உள்ள நீரைக் குடிக்கவும் முடியாது, நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் மின்னாற்பகுப்புக் கலத்துக்குள் விடவும் முடியாது. ஆகவே நிலவில் நீர் எடுப்பது என்பது சுரங்க வேலையில் பாதி, சுத்திகரிப்பு வேலையில் பாதி. அந்த இரண்டாவது பாதியில் சிங்கப்பூர்ப் பொறியாளர்களுக்கு இடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீரைப் பிரித்தால் எரிபொருள். 9 கிலோ நீரில் 8 கிலோ ஆக்சிஜன், 1 கிலோ ஹைட்ரஜன். ராக்கெட் எஞ்சினுக்கு ஆறுக்கு ஒன்று என்ற விகிதம் போதும், மிஞ்சும் 2 கிலோ ஆக்சிஜன் சுவாசத்துக்கு. ஒருவருக்கு நாளைக்கு 0.84 கிலோ வேண்டும். ஒரு கிலோ நீரைப் பிரிக்க நடைமுறையில் 5 கிலோவாட் மணிக்குக் குறையாது. ஒரு டன்னுக்கு 5,000: சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு ஒன்று ஓராண்டில் செலவிடும் மின்சாரத்தைக் காட்டிலும் சற்றுக் கூடுதல். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கி வைப்பது தனிச் செலவு. இதனால்தான் பனிக்கட்டிக்கு முன்பே வறண்ட மண்ணிலிருந்து ஆக்சிஜன் எடுப்பதைத் தொடங்க வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். நிலவு மண்ணின் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன்தான். எங்கும் கிடைக்கும், இருட்டுப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. உருக்கிய மண்ணில் மின்சாரம் பாய்ச்ச 1,600 டிகிரி வேண்டும், மின்வாய்கள் அரிக்கும். அந்தச் சிக்கல்கள் தீர்க்கக்கூடியவை. எரிபொருளின் எடையில் பெரும்பங்கு ஆக்சிஜன் என்பதால் அதை மட்டும் அங்கே எடுத்தாலே கொண்டுபோக வேண்டிய சுமை பல மடங்கு குறையும். நிலவின் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் போதும், பூமியிலிருந்து 11.2 வேண்டும்.

இதற்கெல்லாம் ரோபோக்கள் போதாதா? பல வேலைகளுக்குப் போதும். மறுபக்கத்தில், பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத இடத்தில், 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைகளைக் கேட்கும் தொலைநோக்கிக்கு ஆள் வேண்டாம். ஆள் இருந்தால் இரைச்சல்தான். ஆனால் கல் தேடும் வேலை வேறு. மூன்று சோவியத் தானியங்கிக் கலங்கள் சேர்ந்து கொண்டுவந்தது 330 கிராமுக்குள். ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ. அப்போலோ 17இன் இருவர் மூன்று நாளில் 35 கிலோமீட்டர் வண்டி ஓட்டினார்கள்; செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி என்ற ரோபோ ஊர்திக்கு 42 கிலோமீட்டர் கடக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. ஷ்மிட் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டதும் நின்று, குழி வெட்டி, குழாய் அடித்து எடுத்தார். அங்கேயே பார்த்து அங்கேயே முடிவெடுக்கும் கண்ணுக்கு இன்னும் மாற்று இல்லை.

இரண்டும் சேர்ந்த வழியும் உண்டு. பூமியிலிருந்து நிலவுக்குச் சமிக்ஞை போய்த் திரும்ப 2.6 நொடி. சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களைச் சுமந்து ஓடுவதைப்போல், மண் அள்ளும் வேலையைப் பூமியிலிருந்தே பெரும்பாலும் நடத்தலாம். பொறி சிக்கிக்கொண்டால் விடுவிக்க, உருளையில் பல்லை மாற்ற, பக்கத்தில் மனிதர் இருக்க வேண்டும். நான்கு பேர், நாற்பது பொறிகள் என்பது நியாயமான விகிதம்.

எந்த ரோபோவும் தர முடியாத ஒன்று மனித உடலைப் பற்றிய அறிவு. எடையின்மையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி இழக்கிறது. பூமியின் முழு ஈர்ப்பில் இழப்பதில்லை. ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் இருப்பது மூன்று நாள் அனுபவம் மட்டுமே. எலும்பு எவ்வளவு சுமையில் தேயாமல் நிற்கும் என்பது சிங்கப்பூருக்கும் நேரடியான கேள்வி. 2030இல் இங்கே குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார்.

அணு இணைவுக்கு எரிபொருளாகலாம் என்று பேசப்படும் ஹீலியம் 3ஐ வைத்து நிலவைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மண்ணில் அது நூறு கோடியில் பத்துப் பங்கு என்ற அளவில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு லட்சம் டன் மண்ணைச் சூடாக்க வேண்டும். 700 டன் அள்ளவே ஓராண்டு திட்டமிடும் நிலையில் அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அதை எரிக்க இணைவு உலையும் இல்லை.

செலவை மறைக்க முடியாது. மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்கு 2025 வரை 9,300 கோடி அமெரிக்க டாலர் ஆகும் என்றும், முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றையும் ஏவி இயக்க 410 கோடி ஆகும் என்றும் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்கிட்டது. அந்த விலையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போய்வரலாம், குடியிருக்க முடியாது. மறுபடி பயன்படுத்தும் ராக்கெட் வந்தால்தான் ஒரு கிலோவின் விலை இறங்கும். அதோடு அங்கேயே எடுக்கும் ஆக்சிஜன் சேர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இந்தக் கட்டுரையின் கணக்குகள் காகிதத்தோடு நின்றுவிடும்.

இப்போது அந்த 380 மீட்டர் நிழல். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் வெயில் படும் மேடுகள் குறைவு. அங்கே முதலில் கம்பம் நட்டவர், சொந்தம் என்று சொல்லாமலேயே இடத்தைப் பிடித்தவராகிறார். மற்றவர் அருகே கலம் இறக்கினால் மணல் பறந்து தகடு கெடும், எனவே தள்ளி நில் என்பார். அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் பாதுகாப்பு வலயங்கள் என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. சிங்கப்பூர் 2022 மார்ச் 28இல் அதில் 18ஆவது நாடாகக் கையெழுத்திட்டது. சீனாவும் ரஷ்யாவும் தனி ஆய்வு நிலையம் திட்டமிட்டு, அதற்கென வேறு நாடுகளைச் சேர்த்துவருகின்றன. இரு அணிகளும் பார்ப்பது அதே மேடுகளை.

சிறிய நாட்டுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கடல் சட்டத்துக்கான ஐக்கிய நாட்டு மாநாட்டை 1982இல் முடித்துவைத்த தலைவர் சிங்கப்பூரின் டாமி கோ. ஆழ்கடல் உயிர்வளம் குறித்த உடன்பாட்டை 2023இல் கரைசேர்த்த தலைவர் சிங்கப்பூரின் ரெனா லீ. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் யார் எவ்வளவு எடுக்கலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை எழுதிப் பழகிய ஊர் இது. கடலடிக் கனிமங்களுக்குச் செய்ததுபோல் துருவ மேடுகளுக்கும் செய்யலாம்: ஒரு கம்பத்துக்கு எவ்வளவு நிழல் எல்லை, இறங்குதளத்துக்கும் அண்டை வீட்டுக்கும் எத்தனை மீட்டர், ஒரு வலயம் எத்தனை ஆண்டுக்குச் செல்லும். இவை எண்களாக எழுதப்பட வேண்டும், அதுவும் இரு அணிகளும் அங்கே கட்டத் தொடங்கும் முன்.

ஆட்கள் தங்கும் முதல் இரவுக்கு முன்னால் வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதலில் மின்சாரம் மட்டும் இறங்கி, ஆள் இல்லாமல் இரண்டு இருட்டுக் காலங்களைத் தாண்ட வேண்டும். பிறகு மண் போர்த்தாத கூடம் இறங்கி, உள்ளே காற்றழுத்தத்தோடும் செயற்கைக் கழிவுநீரோடும் நீர்ச்சுழற்சி மூன்று மாதம் ஓட வேண்டும். அதே வேளையில் வெளியே பொறிகள் மண் போர்த்தத் தொடங்கலாம். அதன்பின் இருவர் பகலில் வந்து, வடிகலனைக் கழற்றிப் படிவைப் பார்த்து, உதிரிபாகங்களை மாற்றிவிட்டு, இருட்டுமுன் கிளம்ப வேண்டும். நான்கு பேர் தங்குவது அடுத்த பயணத்தில். கிளம்பும் கலம் எரிபொருள் நிரம்பி, எஞ்சின் சூடு காக்கப்பட்டு, இருட்டு முழுவதும் பக்கத்தில் நிற்க வேண்டும்; பூமிக்கு மூன்று நாள் பயணம்.